சுறாக் கருவாடும் ஒரே ஒரு கோட்டும்

என் மகன் முதன்முதலாகத் துபாய்க்குப் போனபோது பெட்டிக்குள் என்ன வைத்து அனுப்பினேன் என்று யாராவது கேட்டால் இப்போதும் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அவனுக்கு வேலை கிடைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. பெண்ணும் பார்த்தாகிவிட்டது. இருந்தாலும் தொலைபேசி மணி அடித்தால், ரிசீவரை எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை என் விரல்களை முகர்ந்துபார்த்துக்கொள்கிறேன். இது நோயா பழக்கமா என்று என் கணவரிடம் கேட்டேன். சோப்புப் போட்டுக் கழுவு, போய்விடும் என்றார்.

எங்கள் ஊர் அதிராம்பட்டினம். பட்டுக்கோட்டையிலிருந்து வயல்களுக்கு நடுவே வருகிற சாலை கடைசியில் உப்பளத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கிற இடம். இங்கே ஒருவர் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறார் என்றால் டிக்கெட் கைக்கு வருவதற்கு முன்பே வீட்டுக்குப் பொட்டலங்கள் வந்துவிடும். ஒருத்தர் மருமகனுக்கு ஊறுகாய், ஒருத்தர் தம்பிக்குக் கைலி, ஒருத்தர் மகளுக்குப் பித்தளை இடியாப்ப உரல். பெட்டி போகிறவனுடையது, பெட்டிக்குள் இருக்கிற இடம் தெருவுக்குச் சொந்தம். முடியாது என்று யாரும் சொல்வதில்லை. நாளைக்கு நம் வீட்டுப் பொட்டலமும் இன்னொருவர் பெட்டியில் ஏறியாக வேண்டும் அல்லவா?

நாடு கதவைத் திறந்துவிட்டது என்று செய்தித்தாள்களில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. உள்ளே என்னென்னவோ வந்தன. எங்கள் ஊரிலிருந்து பையன்கள் வெளியே போனார்கள். நான் கும்பகோணத்தில் வேதியியல் படித்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். விரவுதல் என்று ஒரு பாடம் வரும். துகள்கள் நெருக்கமாக இருக்கிற இடத்திலிருந்து நெருக்கம் குறைந்த இடத்துக்குத் தாமாகவே பரவுவது. யாரும் தள்ள வேண்டியதில்லை. இதற்கு நான் எங்கள் ஊர்ப் பையன்களைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஒரு மாணவி எழுந்து, எங்கள் அண்ணனை வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் தள்ளினார்கள் டீச்சர் என்றாள். அந்த உதாரணத்தை அன்றோடு விட்டுவிட்டேன்.

என் மகனையும் நாங்கள் தள்ளித்தான் அனுப்பினோம். குளிர்சாதனத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு, ஊரில் யார் வீட்டில் ஏசி இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தான். அப்போது எதிர்வீட்டு மாமியின் மகன் துபாயிலிருந்து அவனுக்கு ஒரு விசிட் விசா எடுத்து அனுப்பினார். கட்டடங்களுக்கு ஏசி பராமரிக்கும் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வுக்கும் சொல்லிவைத்திருந்தார். இறங்கின மறுநாள் காலையிலேயே தேர்வு. தேறினால் அங்கேயே வேலை. தேறாவிட்டால் விசா முடிந்ததும் திரும்பி வந்து மறுபடியும் ஏசி உள்ள வீடுகளைத் தேட வேண்டியதுதான். அந்த ஒரு காலைப் பொழுதுக்காகப் பட்டுக்கோட்டையில் ஒரு கோட்டுத் தைத்தோம். கருநீலம். போட்டுக்கொண்டு நின்றால், உள்ளே இருப்பது என் பிள்ளைதானா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

அவன் ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தான். இடியாப்ப உரல் வேண்டுமானாலும் வையுங்கள், கருவாடு மட்டும் கூடாது.

நான் வாக்குக் கொடுத்தேன். அன்று மாலையே எதிர்வீட்டு மாமி முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். மாமி வருவதற்கு முன்னால் மணம் வந்துவிட்டது.

சுறாக் கருவாடு. துபாயில் இருக்கிற மாமியின் மருமகள் அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். சுறா சாப்பிட்டால் பால் நன்றாகச் சுரக்கும் என்பது எங்கள் கடற்கரை முழுவதும் உள்ள நம்பிக்கை. மாமி கருவாட்டை என் மடியில் வைத்துவிட்டு, ஒன்றுமே கேட்காதவர் போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விசா கொடுத்தவரின் உம்மா. படுக்க இடம் கொடுக்கப்போகிறவரின் உம்மா. பச்சைக் குழந்தையின் வாப்புமா.

"நா ஒண்ணும் கட்டாயப்படுத்தலம்மா. புள்ள பாலுக்கு அழுவுதாம். அவ்வளவுதான்," என்றார்.

"புள்ளைக்கு ஒரே கோட்டு மாமி. அதுல மணம் ஏறிடுச்சுன்னா?"

"நீ கெமிஸ்ட்ரி படிச்சவதானே?"

இந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. பத்துப் பதினைந்து வருடமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டதும் எனக்குள் என்னவோ எழுந்து உட்கார்ந்துவிட்டது.

சுறாவின் உடம்பில் யூரியா உண்டு. செத்ததும் அது அமோனியாவாக மாறும். அதனால்தான் சுறாக் கருவாட்டுக்கு மற்றக் கருவாடுகளுக்கு இல்லாத ஒரு குத்தல். அமோனியா எனக்குப் பழைய சிநேகிதி. கல்லூரியில் ஒரு நீளக் கண்ணாடிக் குழாயின் ஒரு முனையில் அமோனியா நனைத்த பஞ்சையும் மறுமுனையில் அமிலம் நனைத்த பஞ்சையும் வைப்போம். இரண்டு வாயுவும் குழாய்க்குள் நடந்து வந்து சந்திக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் விழும். நடுவில் விழாது; அமிலத்தின் பக்கமாகத்தான் விழும். அமோனியாவுக்கு எடை குறைவு, ஓட்டம் அதிகம். பெண் வீட்டார் கிளம்புவதற்குள் மண்டபத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்கிற மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.

ஆக, எதிரி யாரென்று தெரிந்துவிட்டது. நான் மூன்று திட்டம் போட்டேன். ஒன்று, குளிரில் துகள்களின் ஓட்டம் குறையும். ஆகவே கருவாட்டை ஃப்ரிட்ஜின் பனிப்பெட்டியில் வைத்து இறுக்குவது. இரண்டு, அமோனியாவை அமிலம் பிடித்துவைக்கும்; ஆகவே முதலில் எலுமிச்சைச் சாற்றைத் தாராளமாகத் தேய்ப்பது. மூன்று, பால் பவுடர் டின்னுக்குள் போட்டு மூடி, மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுவது. மெழுகு இறுகிவிட்டால் ஒரு துகள்கூட வெளியே வர முடியாது. மாமி தன் பங்குக்கு டின்னுக்குள் அத்தர் கொஞ்சம் தெளித்தார். அது வேதியியலில் இல்லை என்றேன். இருந்துவிட்டுப் போகட்டும் என்றார்.

இப்போது யோசித்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கருவாட்டின் பெருமையே அது காய்ந்திருப்பதுதான். வெயிலில் போட்டு, உப்பில் போட்டு, யார் யாரோ சிரமப்பட்டு அதிலிருந்து எடுத்த தண்ணீரை நான் எலுமிச்சைச் சாறாகத் திருப்பிக் கொடுத்தேன். பனிப்பெட்டியில் அதன்மேல் வெள்ளையாக உறைபனி பூத்தது. பார்க்க அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். திண்மமாக இருந்த ஒன்றைத் திரவத்துக்குப் பாதி வழி நானே கைபிடித்துக் கூட்டிப்போனேன். வாயுவுக்கு மீதி வழியை அது தானே தெரிந்துவைத்திருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் மகன் குளிக்கப் போன நேரம் பார்த்து டின்னைப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே கைலிகளை அடுக்கினேன். அதன்மேல் கோட்டு. அவன் சான்றிதழ் ஃபைலைக் கைப்பையில் வைத்திருந்தான். கைப்பை என்றால் எங்கேயாவது வைத்துவிட்டு வந்துவிடுவான் என்று எனக்குப் பயம். பள்ளிக்கூடத்திலிருந்து குடையைக்கூடப் பத்திரமாகக் கொண்டுவராத பிள்ளை. ஃபைலையும் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன். சான்றிதழ்களுக்கு நல்ல பிளாஸ்டிக் உறை போட்டிருந்தோம். உள்ளே போன காற்று வெளியே வராத உறை.

திருச்சி விமான நிலையத்துக்கு வாடகைக் காரில் போனோம். உளுந்து அறுவடை நேரம். ஒரத்தநாட்டைத் தாண்டியதும் சாலை நெடுக உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள், வண்டிகள் ஏறிப் போனால் மணி உதிரட்டும் என்று. எங்கள் காரும் தன் பங்குக்கு ஏறிக் குதித்து உளுந்து அடித்துக்கொண்டே போனது. டிக்கியில் பெட்டியும் குதித்தது. வெயில் அப்படி ஒரு வெயில். தஞ்சாவூருக்கு முன்னால் டிரைவர் மூக்கைச் சுருக்கி, ஏதோ வாய்க்காலில் மீன் செத்துக் கிடக்கிறது போல என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வாய்க்காலைப் பார்த்தேன். அதில் தண்ணீரே இல்லை.

மெழுகு இறுகினால் கதவு. வெயிலில் இளகினால் அதற்கு என்ன பெயர் என்று நான் யோசித்திருக்கவில்லை.

மறுநாள் மதியம் வரை நான் வாசல் பக்கமே போகவில்லை. தேர்வு முடிந்ததும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். வீட்டுக்குத் தொலைபேசி வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது; அதன்மேல் பின்னல் துணி போர்த்திவைத்திருப்போம். துணியை எடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மணி அடித்தது.

"உம்மா, பெட்டியில என்ன வச்சீங்க?"

"ஏன் வாப்பா, டின்ன குடுத்துட்டியா?"

"டின்னு கெடக்கட்டும். கோட்டு நாறுது. சர்ட்டிபிகேட்டு நாறுது. இங்க ஆபீஸ்ல எலி செத்துக் கெடக்குன்னு தேடுறாங்க உம்மா."

மூச்சு விடாமல் சொன்னான். வேலைக்கு வந்தவர்கள் நான்கு பேரை ஒரு மூடிய ஏசி அறையில் உட்காரவைத்திருக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் மணம் அறை முழுக்கப் பரவி, குழாய் வழியாக அடுத்த அறைக்கும் போய், மேனேஜர் மேசைக்கே போய்விட்டது. அவர் லெபனான்காரர். கருவாடு தெரியாதவர். ஏசிக் குழாய்க்குள் எலி செத்திருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டார். அதோடு விட்டாரா? கேள்வி கேட்டுத் தேர்வு வைப்பதைவிட இது நல்ல தேர்வு, யார் இந்த நாற்றத்தைக் கண்டுபிடித்துப் போக்குகிறீர்களோ அவருக்கு வேலை என்று அறிவித்துவிட்டார். என் மகன் ஏணியில் ஏறி, தன்னையே தேடத் தொடங்கியிருக்கிறான். அவன் எந்த அறைக்குப் போனானோ அந்த அறையில்தான் எலி இருப்பதாக மற்றவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மூன்று பேரும் டார்ச்சோடு அவன் பின்னாலேயே வந்திருக்கிறார்கள். கோட்டைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிக் கீழே இருக்கிற பூத்துக்கு ஓடி வந்திருக்கிறான்.

"கார்டுல கொஞ்ச நேரம்தான் இருக்கு. நாத்தம் போறதுக்கு என்ன பண்ணணும், அத மட்டும் சொல்லுங்க."

அத மட்டும் சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தை. ஆனால் நான் ட்யூஷன் எடுக்கிறவள். என்னிடம் யார் எந்தக் கேள்வி கேட்டாலும் விடை கடைசியில்தான் வரும். முதலில் வரையறை.

"இங்க பாரு வாப்பா, மணம்ங்கிறது என்ன? துகள். அது சும்மா நிக்காது, ஓடிக்கிட்டே இருக்கும். திண்மத்துல பக்கத்துப் பக்கத்துல நின்னு ஆடும், திரவத்துல நழுவும், வாயுவுல பறக்கும்..."

"உம்மா..."

"குறுக்க பேசாத. இதுல அமோனியா இருக்கு பாரு, அது எடை கம்மி. மூடின ரூமுக்குள்ள அது எங்கயும் போவாது, எல்லா மூலையிலயும் ஒரே மாதிரி நெறஞ்சு நிக்கும். அது போவணும்னா..."

அங்கே கட் ஆகிவிட்டது. கொர்ர் என்று ஒரு சத்தம். ரிசீவரிடம் நான் இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னேன். பிறகுதான் உறைத்தது.

அன்றைக்கு மதியம் நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. திரும்பக் கூப்பிட நம்பர் இல்லை. கணவர் கடையிலிருந்து சாப்பிட வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கக் கூடாது என்று வாயில் சோற்றை அடைத்துக்கொண்டார், புரையேறியது. எல்லாம் போச்சே, பிள்ளை இனி எந்த முகத்தோடு அந்த வீட்டில் இருப்பான் என்று நான் அழுதேன். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே, கோட்டுக்குத்தானே என்றார்.

அசர் தொழுகைக்குப் பிறகு எதிர்வீட்டு மாமி வந்து உட்கார்ந்தார். அவருக்கும் செய்தி போயிருந்தது. எங்கள் தெருவில் செய்தி விரவுகிற வேகத்துக்கு முன்னால் அமோனியா ஒன்றுமில்லை. ஆனால் மாமியின் கவலை வேறு. கருவாட்டில் எலுமிச்சை தேய்த்தோமே, பிள்ளை பெற்றவளுக்குப் புளிப்பு ஆகுமா என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். என் மகனின் எதிர்காலம் ஒரு ஏணியின்மேல் நின்றுகொண்டிருக்கிறது. இவர் எலுமிச்சையைப் பற்றிப் பேசுகிறார்.

மக்ரிப் தொழுகைக்கு நான் உள்ளே இருந்தபோது மணி அடித்தது. தொழுகையை முடித்துவிட்டு ஓடி வருவதற்குள் மாமி ரிசீவரை எடுத்துவிட்டார். நான் கையை நீட்டினேன். பொறு என்று கையால் அமர்த்திவிட்டு அவர் பேசினார், கேட்டார், தலையை ஆட்டினார். புள்ள வயிறு நெறையக் குடிக்கிதா என்றார். சுறாப் புட்டுக்குப் பூண்டு கூடப் போடச் சொன்னேனே, போட்டாளா என்றார். ராத்திரி தூங்குதா என்றார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, பத்திரமாகக் கீழே வைத்தார்.

"கார்டு முடிஞ்சிடுச்சு போல," என்றார்.

"வேலை என்னாச்சு மாமி?"

"வேலையா? அது கெடச்சிடுச்சாமே. அதத்தான் ஒன் மவன் எடுத்ததும் சொன்னான்."

மாமி எழுந்து பின்னல் துணியை எடுத்துத் தொலைபேசியின்மேல் போர்த்திவிட்டுத் தன் வீட்டுக்குப் போனார்.

முழுக் கதை வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. கார்டு முடிந்ததும் அவன் பூத்திலேயே கொஞ்ச நேரம் நின்றிருக்கிறான். என் பிரசங்கத்தில் அவன் காதில் தங்கியது ஒன்றுதான்: மூடின ரூமுக்குள்ள அது எங்கயும் போவாது. அப்படியானால் இந்தக் கட்டடத்துக்குள் வெளிக் காற்று எந்த வழியாக வருகிறது? படித்த படிப்பு அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. மற்ற மூன்று பேரும் கீழே எலி தேடிக்கொண்டிருக்க, இவன் கோட்டையும் ஃபைலையும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினான். அங்கே வெளிக் காற்று உள்ளே போகிற வழியை, குளிர் வீணாகக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் அட்டையை வைத்து டேப் போட்டு அடைத்துவைத்திருந்தான். கட்டடம் தன் மூச்சையே திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தது. அட்டையைக் கிழித்தான். கோட்டை அங்கேயே வெயிலில் ஒரு கம்பியில் தொங்கவிட்டான். ஃபைலைத் திறந்து சான்றிதழ்களை வடகம் போலக் காயவைத்தான்.

அவன் கீழே இறங்கி வந்தபோது ஒருவன் காய்ந்த பல்லி ஒன்றைக் கண்டுபிடித்து, இதுதான் காரணம் என்று வாதாடிக்கொண்டிருந்தானாம். மேனேஜர் பல்லியை முகர்ந்துபார்த்துவிட்டு இல்லை என்றாராம். கொஞ்சம் கொஞ்சமாக அறை தெளிந்தது. மேனேஜர் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, அந்த அட்டையை வாங்கிப் பார்த்து, வெகு நாளாகவே இங்கே எல்லோருக்கும் தலைவலி வருவது இதனால்தானா என்று கேட்டு, அங்கேயே கை கொடுத்துவிட்டார்.

நான் கேட்டேன், உண்மையைச் சொன்னாயா என்று. மேனேஜரிடம் சொல்லவில்லையாம். ஆனால் சேர்க்கைத் தாள்களை எழுத உட்கார்ந்த சூப்பர்வைசர், டெல்லிப் பக்கத்துக்காரர், டிப்ளமோ சான்றிதழைக் கையில் வாங்கினார். வாங்கியதும் கொஞ்சம் தூரமாகப் பிடித்தார். பிறகு கிட்டத்தில் கொண்டுபோய் முகர்ந்தார். எலி இதற்குள்தான் செத்திருக்கிறது என்று இந்தியில் சொன்னாராம். இவன் வேறு வழியில்லாமல் சுறா, எதிர்வீட்டு மாமி, பச்சைக் குழந்தை எல்லாவற்றையும் சொன்னான். அவர் மேசைமேல் தலை வைத்துச் சிரித்துவிட்டு, மூலச் சான்றிதழ் வேண்டாம், நகல் போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இந்த வேலை யாரால் கிடைத்தது என்பதில் எனக்கும் எதிர்வீட்டு மாமிக்கும் இன்றுவரை ஒரு முடிவு ஏற்படவில்லை. நான் தொலைபேசியில் நடத்திய பாடம் என்கிறேன் நான். கருவாடு நாறாமல் இருந்திருந்தால் அட்டையை யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்கிறார் அவர். அத்தரும் ஒரு காரணம் என்று சமீப காலமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

முதல் விடுப்பில் வந்தபோது அவன் அந்தக் கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்தான். சலவைக்குப் போட்டு, வெயிலில் போட்டு, பீரோவில் மாட்டி, பைக்கு நாலு அந்துருண்டை போட்டுவைத்தேன். அந்துருண்டை கரையாது, உருகாது; திண்மத்திலிருந்து நேராக வாயுவாகிப் போய்விடும். பதங்கமாதல் என்று பாடத்தில் வரும். போன மாதம் பைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உருண்டைகள் சொன்ன மாதிரியே ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய்விட்டன. சுறா போகவில்லை.

இப்போது அவனுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறோம். புதுக் கோட்டு எடுப்போம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறான். அந்தக் கோட்டுதான் ராசியாம். அதைத்தான் போட்டுக்கொள்வானாம். பெண் வீட்டார் தஞ்சாவூரில் மண்டபம் பார்த்திருக்கிறார்கள். புதிதாகக் கட்டியது, நாலு பக்கமும் கண்ணாடி, முழுக்க ஏசி, ஒரு ஜன்னல் கிடையாது என்று பெருமையாகச் சொன்னார்கள்.

நேற்று நான் அந்த மண்டபத்துக்குப் போய், மேனேஜரைத் தேடிப் பிடித்து, உங்களுக்கு வெளிக் காற்று எந்த வழியாக வருகிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மாடிக்குப் போக ஏணி இருக்கிறதா என்று கேட்டேன்.